ஹிட்லர் காரா, கோரிங் காரா? – ஒரு கறுப்பு பென்ஸின் ஜாதகம்

பழைய கார் வாங்கப் போனவர்கள் எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் ஓடினது." எங்கள் அப்பா பழைய அம்பாசடர் ஒன்றைப் பார்க்கப் போனபோதும் புரோக்கர் இதையேதான் சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். டாக்டர் இருந்தார், பொய்யில்லை. ஆனால் அவர் மூன்றாவது ஓனர்! முதல் ஓனர் ஒரு டிராவல்ஸ். அப்பா சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வரும் வழியில் அப்பா சொன்னது: "வண்டி பொய் சொல்லாதுடா. விக்கிறவன்தான் சொல்லுவான்."

அந்த வார்த்தையோடு நெருங்கிய தொடர்புள்ள ஒரு சரித்திரக் கதைதான் இந்தக் கட்டுரை. இதில் இரண்டு கார்கள் வருகின்றன. இரண்டும் ஒரே மாடல், மெர்சிடிஸ் பென்ஸ் 770. ஒன்றை "ஹிட்லர் கார்" என்று சொல்லி ஊர் ஊராகக் காட்டினார்கள். மற்றதை "கோரிங் கார்" என்று சொல்லி மியூசியத்தில் நிறுத்தினார்கள். இரண்டு அடையாளங்களுமே தப்பு!

முதலில் வண்டியைப் பற்றி

பென்ஸ் 770ஐ ஜெர்மனியில் "குரோஸர்" என்று அழைத்தார்கள். பெரியது என்று பொருள். பெயருக்கேற்ற வண்டிதான். 7.7 லிட்டர் எஞ்சின், வரிசையாக எட்டு சிலிண்டர்கள். சாதாரணமாக ஓடினால் சுமார் 150 குதிரைசக்தி, சூப்பர்சார்ஜரைப் போட்டால் 200க்கு மேல். நீளம் ஏறக்குறைய ஆறு மீட்டர். இரும்புக் கவசமும் குண்டு துளைக்காத கண்ணாடியும் பூட்டிய வண்டிகளின் எடை நாலு டன்னைத் தாண்டும்.

1930இல் முதல் வகை வந்தது. 1938இல் இரண்டாவது வகை. முதல் வகையில் 117 வண்டிகளும் இரண்டாவதில் 88 வண்டிகளும்தான் செய்யப்பட்டன. இவ்வளவு பெரிய வண்டியை யார் வாங்குவார்கள்? ஜப்பான் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவிடம் இருந்தது. பதவி இழந்து ஹாலந்தில் வாழ்ந்த ஜெர்மனியின் முன்னாள் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மிடமும் இருந்தது. ஆனால் உலகம் இந்த வண்டியை ஞாபகம் வைத்திருப்பது வேறு ஒருவரால்தான். பழைய செய்திப்படங்களில் திறந்த காரில் நின்றபடி கையை நீட்டிக்கொண்டு ஹிட்லர் ஊர்வலம் போவாரே, அந்தப் பெரிய கறுப்புக் கார்களின் வரிசையில் வந்ததுதான் இதுவும்.

முதல் கார்: ஸ்வீடனிலிருந்து வந்தது

1948இல் ஒரு 770 கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியது. வரவழைத்தவர் கிறிஸ்டோபர் ஜேனஸ் என்ற சிகாகோ வியாபாரி. (பிற்காலத்தில் காணாமல் போன பீகிங் மனிதனின் எலும்புகளைத் தேடிக் கிளம்பியவரும் இவரேதான்.) இவருக்கு அந்தக் கார் கிடைத்த விதமே வேடிக்கை. ஸ்வீடனில் ஒரு வியாபாரக் கொடுக்கல் வாங்கல். சேர வேண்டிய பணத்துக்குப் பதிலாகக் காரை வாங்கிக்கொண்டார்!

அமெரிக்காவில் இது "ஹிட்லரின் கார்" என்றே பத்திரிகைகளில் வந்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். யுத்தம் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் மகனைப் பறிகொடுத்த அப்பாக்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? அந்த மனிதன் உட்கார்ந்த சீட்டை.

ஆனால் அந்த சீட்டு வேறொருவருக்காகச் செய்யப்பட்டது. 1941இல் பின்லாந்து ஜெர்மனியோடு ஒரே பக்கம் நின்று சோவியத் யூனியனோடு போரிட்டுக்கொண்டிருந்தது. அந்த வருடம் டிசம்பரில் பின்லாந்து படைத்தலைவர் மார்ஷல் மன்னர்ஹைமுக்கு ஹிட்லர் கொடுத்த பரிசுதான் இந்தக் கார். யுத்தத்துக்குப் பிறகு அது ஸ்வீடனுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா வந்தது.

பொய்யின் அளவைக் கவனியுங்கள். முழுப் பொய் இல்லை. ஹிட்லர் கொடுத்த கார் என்பது உண்மை. "கொடுத்த" என்ற ஒரு வார்த்தைதான் விழுந்துவிட்டது. எங்கள் புரோக்கர் சொன்ன டாக்டர் மாதிரி!

1973இல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் இந்தக் கார் 1,53,000 டாலருக்குப் போனது. அந்தக் காலத்தில் கார் ஏலத்தில் அது பெரிய பரபரப்பு. அப்போதும் "ஹிட்லர்" என்ற பெயர்தான் விலை பேசியது. "மன்னர்ஹைம்" என்று சொல்லியிருந்தால் அமெரிக்காவில் எத்தனை பேர் கையைத் தூக்கியிருப்பார்கள்?

இரண்டாவது கார்: ரயிலில் கிடைத்தது

1945 மே மாதத் தொடக்கம். ஜெர்மனி தோற்று விழுந்துகொண்டிருந்த நாட்கள். ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, சால்ஸ்பர்க் பக்கத்தில் லாஃபன் என்று ஒரு சிற்றூர். அங்கே ரயில் வண்டியில் ஏற்றப்பட்டிருந்த ஒரு 770ஐ அமெரிக்க சார்ஜென்ட் ஒருவர் கைப்பற்றினார். விமானப்படைத் தளபதி ஹெர்மன் கோரிங்கின் கார் என்ற பேச்சு அதோடு ஒட்டிக்கொண்டது.

கார் கப்பலேறி அமெரிக்கா போனது. யுத்த நிதிக்காகப் பத்திரங்கள் விற்கும் கூட்டங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிறகு மேரிலாந்தில் உள்ள அபர்டீன் ராணுவ சோதனைத் தளத்தில் போய்க் கிடந்தது. 1956இல் ராணுவம் அதை வேண்டாத சாமானாக ஏலத்தில் விட்டது. கனடாக்காரர் ஒருவர் எடுத்தார். விலை மூவாயிரம் டாலருக்கும் குறைவு! பிறகு கைமாறி கியூபெக் நகரத்துக்காரர் ஒருவரிடம் வந்து, 1970இல் ஒட்டாவாவிலுள்ள கனடியப் போர் மியூசியத்துக்கு நன்கொடையாகச் சேர்ந்தது. மியூசியமும் "கோரிங்கின் ஸ்டாஃப் கார்" என்றே காட்சிக்கு வைத்தது. இருபத்தைந்து வருடமாக எல்லோரும் சொன்னதை அவர்களும் சொன்னார்கள். அவ்வளவுதான்.

ஒரு நூலகரின் சந்தேகம்

இந்தக் கதையின் நாயகன் என்று நான் நினைப்பது ஹிட்லரும் அல்ல, கோரிங்கும் அல்ல. அந்த மியூசியத்தில் நூலகராக இருந்த லுட்விக் காஷே என்பவர். 1980 வாக்கில் அவருக்கு ஒரு சாதாரணக் கேள்வி எழுந்தது. "இது கோரிங் கார் என்பதற்கு ஆதாரம் எங்கே?"

தேடிப் பார்த்தால் ஆதாரம் எதுவும் இல்லை. பேச்சு மட்டும்தான் இருந்தது.

ஒரு காரின் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியின் உடம்பிலேயே ஆரம்பிக்க வேண்டும். சேஸிஸில் ஒரு எண் வெட்டப்பட்டிருக்கும், எஞ்சினில் ஒரு எண் இருக்கும். பென்ஸ் கம்பெனியில் இவற்றோடு ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கமிஷன் எண் உண்டு. யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எப்போது கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் தொழிற்சாலை ஏட்டில் இருக்கும். அடுத்தது நம்பர் பிளேட். அந்தக் கால ஜெர்மனியில் "ஐ ஏ" என்ற எழுத்துகளோடு தொடங்கினால் பெர்லின் வண்டி என்று அர்த்தம். அதற்கடுத்தது பழைய புகைப்படங்கள். ஹிட்லர் விஷயத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஹைன்ரிக் ஹாஃப்மன் என்ற சொந்த புகைப்படக்காரரைக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தவர் ஆயிற்றே!

காஷே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஏட்டுக் குறிப்புகளையும் புகைப்படங்களையும் எதிரில் நிற்கும் வண்டியோடு ஒப்பிட்டார். மின்னஞ்சல் இல்லாத காலம். ஒரு கேள்விக்குப் பதில் வரக் கடல் தாண்டிக் கடிதம் வர வேண்டும். கடைசியில் விடை கிடைத்தது. அந்தக் கார் கோரிங்குடையது அல்ல. 1940 ஜூலையில் பெர்லினில் ஹிட்லரின் அலுவலகமான ரைஷ் சான்சலரிக்குக் கொடுக்கப்பட்டது. ஹிட்லரின் பயன்பாட்டுக்கான கார்!

1982இல் ஒரு போர் வரலாற்றுப் பத்திரிகையில் தன் ஆராய்ச்சியை அவர் வெளியிட்டார். இதனால் அவருக்கு ஒரு டாலர் கூட லாபமில்லை. அவர் செய்ததெல்லாம் ஒரு பெயர்ப்பலகையைத் திருத்தியதுதான்.

பெயர் மாறினால் என்ன ஆகும்?

நான் யோசித்த விஷயம் இது. 1970இல் அங்கே நின்ற அதே இரும்பு, அதே டயர், அதே கண்ணாடிதான் 1982லும் நின்றது. ஒரு ஸ்க்ரூ கூட மாறவில்லை. ஆனால் கார் மாறிவிட்டது. விலை பல மடங்கு ஏறியது. பார்க்க வருபவர்களின் முகம் மாறியது. கூடவே பயமும் வந்தது. நாஜி அபிமானிகள் இதைக் கோயிலாக்கிவிட்டால்?

2000இல் இந்தக் காரை விற்றுவிடலாமா என்று அந்த மியூசியத்திலேயே யோசனை எழுந்தது. மக்கள் எதிர்த்தார்கள். அதிக விலை கொடுப்பவன் யார், எதற்காகக் கொடுக்கிறான் என்று யாருக்குத் தெரியும் என்பது ஒரு கவலை. சரித்திரச் சான்றை விற்கலாமா என்பது இன்னொன்று. கடைசியில் விற்கவில்லை. 2005இல் மியூசியம் புதுக் கட்டிடத்துக்கு மாறியபோது காரும் கூடவே போனது.

அந்தக் கவலை வீண் கவலை இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் இன்னொரு 770 ஏலத்துக்கு வந்தது. 1939ஆம் வருட வண்டி. ஹிட்லர் பயன்படுத்தியது என்று விளம்பரம். கேள்வி எழுபது லட்சம் டாலர் வரை போயும் விற்பவர் எதிர்பார்த்த தொகை வராததால் விற்பனையாகவில்லை. மூவாயிரத்துக்கும் கீழே விலைபோன 1956ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓனர் யார்?

கடைசியாக ஒரு விஷயம். நாம் எல்லோரும் "ஹிட்லரின் கார்" என்கிறோம். நம்ம ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி ஒன்று அதற்கு இருந்திருந்தால் ஓனர் பெயரில் என்ன இருக்கும்? ஹிட்லர் என்று இருக்காது. வண்டி போனது சான்சலரிக்கு, அதாவது அரசாங்கத்துக்கு. அந்த அலுவலகத்தில் இப்படிப் பல வண்டிகள் இருந்தன. இன்று ஏதோ ஒன்றில் உட்காருவார், நாளை வேறொன்றில். அதனால்தான் உலகத்தில் இத்தனை "ஹிட்லர் கார்கள்" முளைக்கின்றன. ஒரே ஒரு நாள் அவர் ஏறியிருந்தாலும் விற்பவருக்கு அது போதும்.

சர்வாதிகாரி தன் காசில் கார் வாங்குவதில்லை. வாங்கியது ஜெர்மன் மக்களின் வரிப்பணம். 1940 ஜூலை என்றால், பிரான்ஸ் சரணடைந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. அந்தக் கார் போன பாதையில் நின்று கையசைத்தவர்கள்தான் ஒரு விதத்தில் அதன் ஓனர்கள். ஐந்தே வருடத்தில் அந்தத் தெருக்கள் இடிந்து கிடந்தன. கார் மட்டும் ஒரு கீறலோடு தப்பித்துக் கடல் தாண்டிப் போய்விட்டது.

இதை எந்த ஏல அட்டவணையிலும் எழுத மாட்டார்கள். அதற்குத்தான் மியூசியம் வேண்டும். காஷே மாதிரி, "எல்லோரும் சொல்கிறார்கள்" என்பதை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளாத ஒரு நூலகரும் வேண்டும்.

அப்பா பிறகு வேறொரு அம்பாசடர் வாங்கினார். நான்கு ஓனர் மாறிய வண்டி. விற்றவர் நான்கையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் வாங்கினேன் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.