கல்விச் சீர்திருத்தமும் ஆசிரியர் நோக்கும்: 1972இன் அனுபவம்

இலங்கைக் கல்வி வரலாற்றை எழுதுவோர் ஆணைக்குழு அறிக்கைகளையும் சட்டங்களையுமே பெரிதும் ஆதாரமாகக் கொள்வர். அவற்றை வகுப்பறையில் நிறைவேற்றிய ஆசிரியரின் நோக்கு அவ்வரலாற்றில் அருகியே இடம்பெறுகின்றது. சீர்திருத்தம் பயன்தராதவிடத்து, ஆசிரியர் மாற்றத்தை விரும்பாதவர் என்ற விளக்கம் எளிதிற் கூறப்படுகின்றது. இவ்விளக்கம் எத்துணை பொருந்தும் என்பதை 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தைக் கொண்டு நாம் ஈண்டு ஆராய்வோம்.

1971 ஏப்ரல் கிளர்ச்சி, படித்த இளைஞரின் வேலையின்மையை நாட்டின் முன் நிறுத்தியது. மறுவருடம், பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், விரிவான மாற்றங்கள் தொடங்கின. பாடசாலையிற் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டது. இடைநிலை மாணவர் யாவரும் கணிதமும் விஞ்ஞானமும் கற்கவேண்டியதாயிற்று. தொழின்முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாக அமைந்த தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை 1975இல் முதன்முறையாக நடைபெற்றது.

இவற்றின் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. கிராமப் பிள்ளைக்கும் விஞ்ஞானக் கல்வி கிடைக்க வழி பிறந்தது. ஆயின், ஆய்வுகூடமும் பயிற்சிபெற்ற விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பாடசாலைகள் பல இருந்தன. தொழின்முன்னிலைப் பாடத்திலோ, தொழிலை அறிந்தவர் ஊர்க் கைவினைஞர், கற்பிக்கவேண்டியவர் ஆசிரியர். அரசாங்க உத்தியோகத்தையே கல்வியின் பயனாகக் கண்ட பெற்றோருக்கு விடையிறுக்கும் பொறுப்பும் அவரையே சார்ந்தது.

1977இல் ஆட்சி மாறியது. சேர்வு வயது மீண்டும் ஐந்தாயிற்று; க.பொ.த. பரீட்சையும் திரும்பி வந்தது. ஐந்தாண்டுகளில் ஆசிரியர் பட்டறிந்தவற்றுள் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்ற மதிப்பீட்டுக்கு இடமின்றிப் பெரும்பகுதி கைவிடப்பட்டது. 1981ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை ஆசிரியர் சங்கங்களின் எதிர்ப்பைச் சந்தித்தமையை இவ்வனுபவத்தினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது.

1986இல் தேசிய கல்வி நிறுவகமும் 1991இல் தேசிய கல்வி ஆணைக்குழுவும் தோன்றின. 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 1998இல் கம்பகா மாவட்டத்தில் முதலாம் தரத்திற் பரீட்சிக்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் பரவியது. முதலில் ஓரிடத்திற் செய்துபார்க்கும் இம்முறை, ஆசிரியரின் சொல்லைக் கேட்பதற்கு ஓரளவு இடமளித்தது எனலாம். எனினும், வரைவோர் ஓரிடத்தும் நிறைவேற்றுவோர் வேறிடத்தும் நிற்கும் நிலை முற்றாக நீங்கவில்லை.

ஆகவே, புதிய சுற்றுநிருபம் வரும்போது ஆசிரியரிடம் தோன்றும் தயக்கத்தைச் சோம்பல் என்றோ பழைமைப்பற்று என்றோ கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே நமது முடிபு. அது, இதுவும் எத்தனை நாள் நிலைக்கும் என்ற வினா. அவ்வினாவுக்கு நியாயம் உண்டு.

1972இல் வகுப்பறையில் நின்ற ஆசிரியர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களது வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் பணியை நமது பல்கலைக்கழகங்கள் தாமதமின்றி மேற்கொள்ளவேண்டும். அவை மறைந்தால், அறிக்கைகள் மட்டுமே எஞ்சும். அறிக்கைகளோ, எழுதியோரின் எண்ணத்தையன்றி வகுப்பறையில் நிகழ்ந்ததைக் கூறா.