வயலின் அன்னா மரியா

வெனிஸ் நகரின் பியத்தா காப்பகச் சுவரில் ஒரு சிறு மாடம் இருந்தது. வளர்க்க வழியற்றவர்கள் பச்சைக் குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் பாதியாக வெட்டிய பதக்கத்தையும் உடன் வைப்பதுண்டு. என்றாவது திரும்பி வந்தால், மறுபாதியைப் பொருத்திக் காட்டிப் பிள்ளையைக் கேட்கலாம். பெரும்பாலோர் வரவில்லை.

14ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்தக் காப்பகம், 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவே காது கொடுத்துக் கேட்ட இசைக்கூடமாக வளர்ந்திருந்தது. வெனிஸில் இத்தகைய காப்பகங்கள் நான்கு: பியத்தா, மெண்டிகாந்தி, இன்குராபிலி, ஓஸ்பெடலெட்டோ. பையன்கள் ஒரு தொழில் கற்று வெளியேறுவார்கள். பெண்களில் இசைத்திறன் உள்ளவர்கள் பாடவும் வாசிக்கவும் பயிற்சி பெற்றார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுடைய இசையைக் கேட்க வந்த கூட்டம் காணிக்கையும் நன்கொடையுமாகக் காப்பகத்தைத் தாங்கியது.

1703ஆம் ஆண்டு, குருப்பட்டம் பெற்ற சில மாதங்களில், அந்தோனியோ விவால்டி பியத்தாவில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. செம்பட்டை முடி காரணமாக ஊரார் அவரைச் ‘செந்நிறப் பாதிரியார்’ என்று அழைத்தனர். நிர்வாகக் குழு வாக்களித்துத்தான் ஆசிரியர்களின் பணியை நீட்டிக்கும். 1709இல் அவர் வேலை போயிற்று. 1711இல் திரும்ப அழைத்தார்கள். 1723இல் செய்த ஏற்பாட்டின்படி மாதம் இரண்டு கான்செர்ட்டோ எழுதித் தர வேண்டும்.

கான்செர்ட்டோ என்றால், தனி வாத்தியம் ஒருபுறம், வாத்தியக் குழு மறுபுறம். குழு ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர, இடையிடையே தனி வாத்தியம் தன் வித்தையைக் காட்டும். விரைவு, நிதானம், மீண்டும் விரைவு என மூன்று பகுதிகள். கான்செர்ட்டோவின் இந்த வடிவத்தை நிலைநிறுத்தியதில் விவால்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய 12 கான்செர்ட்டோக்கள் ஜெர்மனி வரை போயின. அவற்றில் பலவற்றை விசைப்பலகைக்கு மாற்றி எழுதிப் பார்த்தவர் யோகான் செபாஸ்டியன் பாக்.

தன் கற்பனையை உடனுக்குடன் வாசித்துக் காட்டும் தேர்ந்த குழு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது விவால்டியின் பெரும்பேறு. 1716இல் அவர் இயற்றிய ‘யூதித்தா திரியும்ஃபான்ஸ்’ என்ற இசை நாடகத்தில் படைத்தலைவன் ஹோலோஃபெர்னஸ் உட்பட எல்லாப் பாத்திரங்களையும் பெண்களே பாடினர். மாண்டலின், தியோர்போ, வியோலா தமோர் என அரிய வாத்தியங்கள் அதில் அணிவகுத்தன. இத்தனையையும் வாசிக்க ஆள் இருந்ததால்தான் அவர் எழுத முடிந்தது.

கேட்பவர்களுக்கு அந்தப் பெண்களின் முகம் தெரியாது. கோவிலின் மேல்மாடத்தில், கம்பி வலைக்குப் பின்னால் நின்று பாடுவார்கள். கோவிலில் கைதட்டக் கூடாது என்பதால், ரசிகர்கள் இருமியும் காலைத் தேய்த்தும் பாராட்டைத் தெரிவித்தார்கள். 1740களில் வெனிஸின் பிரெஞ்சுத் தூதரகத்தில் பணியாற்றிய தத்துவவாதி ரூசோ, மெண்டிகாந்தியின் பாட்டில் சொக்கிப்போனதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

திருமணம் செய்துகொண்டு வெளியேறுபவர்கள் பொதுமேடையில் வாசிப்பதில்லை என்று உறுதி தர வேண்டியிருந்தது. அந்த வேலியைத் தாண்டியவர் மெண்டிகாந்தியில் பயின்ற மத்தலேனா லொம்பார்தினி. வயலின் மேதை தார்த்தினியிடம் கற்று, 1767இல் ஒரு வயலின் கலைஞரை மணந்து, பாரிஸிலும் லண்டனிலும் தன் சொந்தக் கான்செர்ட்டோக்களை வாசித்தார்.

பியத்தாவில் விடப்பட்ட பெண்களுக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. வாசித்த வாத்தியமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படி ‘வயலின் அன்னா மரியா’ ஆனவர், குழந்தையாக பியத்தாவுக்கு வந்து, விவால்டியிடம் பயின்று, 1782இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் வாசித்த வயலின் சுவடி வெனிஸ் இசைக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அட்டையில் அவர் பெயர். விவால்டியின் சில கான்செர்ட்டோக்களுக்கு மற்ற வாத்தியங்களின் தாள்கள் தொலைந்துபோயின. மிஞ்சியது அன்னா மரியாவின் வயலின் பகுதி மட்டும். இன்றைய இசைக்கலைஞர்கள் அதிலிருந்துதான் மற்ற பகுதிகளை ஊகித்து எழுதி, அந்தப் படைப்புகளை மேடையேற்றுகிறார்கள்.