அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் முதலிடத்து வழக்கு

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகின்ற ஆட்டத்தையே அமெரிக்கர் கால்பந்து என்பர். 1869-ஆம் ஆண்டில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் மோதிய நாளிலிருந்து அதன் சரித்திரத்தைத் தொடங்குவது மரபு. அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, தேசத்தின் முதல் அணி எது என்பதைக் களத்திலேயே நிர்ணயிக்க அந்நாட்டார் யாதொரு ஏற்பாடும் செய்தாரில்லை. அணிகளோ நூற்றுக்கு மேல்; தேகத்தைக் கடுமையாக வருத்தும் ஆட்டமாதலின் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆடுவது அரிது; ஆகவே ஒரு பருவம் முழுதும் தோல்வியே காணாத இரண்டு அணிகள் ஒன்றையொன்று கண்ணாலும் காணாமல் பிரிந்துபோவது சகஜமாயிருந்தது.

களம் சொல்லாத தீர்ப்பைப் பிறர் சொல்ல முன்வந்தனர். 1926-இல் இல்லினாய் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் பிராங்க் டிக்கின்சன் கணித முறையொன்றால் அணிகளைத் தரப்படுத்தினார். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பத்திரிகையாளரின் வாக்குகளைத் திரட்டியது. 1950-இல் யுனைடெட் பிரஸ் பயிற்சியாளர்களின் வாக்குகளைத் திரட்டத் தொடங்கவே, ஒரே வழக்குக்கு இரண்டு நியாயஸ்தலங்கள் ஏற்பட்டன.

1966-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் நிகழ்ந்ததை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். முதலிரு ஸ்தானங்களில் நின்ற நோட்டர் டேம், மிச்சிகன் ஸ்டேட் அணிகள் ஈஸ்ட் லான்சிங் நகரில் பொருதன. ஆட்டம் 10-10 என்று சமமாய் நிற்க, இறுதிக் கணங்களில் பந்து தம் கையிலிருந்தும், நோட்டர் டேமின் பயிற்சியாளர் ஆரா பார்சேகியன் வெற்றிக்குத் துணியாமல் நேரத்தைக் கடத்தி, சமநிலையோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார். முந்திய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் பெற்றிருந்த அலபாமாவோ அப்பருவத்தில் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்றது. ஆயினும் பட்டம் நோட்டர் டேமுக்கே அளிக்கப்பட்டது. சமநிலை கண்ட மிச்சிகன் ஸ்டேட் கூட அலபாமாவுக்கு மேலே வைக்கப்பட்டது. களத்தில் செய்யக்கூடியது அனைத்தையும் செய்து முடித்தவர்களுக்கு மூன்றாம் இடம் என்பதை நான் எக்காலத்தும் நியாயமென்று கொள்ளேன்.

1990, 1991, 1997 ஆகிய ஆண்டுகளில் இரு வாக்கெடுப்புகளும் வெவ்வேறு அணிகளைத் தேர்ந்தன. இக்குழப்பத்தை ஒழிக்க 1998-இல் வாக்குகளையும் கம்ப்யூட்டர் கணக்குகளையும் கூட்டி, முதல் இரண்டு அணிகளை மோதவிடும் திட்டம் வந்தது; 2004-இல் தோல்வியறியாத ஆபர்ன் அணி அதிலும் வெளியே நின்றது. பின்னர் 2014 பருவத்தில், முன்னாள் வெளியுறவு மந்திரி காண்டலீசா ரைஸ் போன்றோரையும் உறுப்பினராகக் கொண்ட தேர்வுக் குழுவிடம் பட்டத்துக்காக மோதும் நான்கு அணிகளைப் பொறுக்கும் அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது. குழு நான்காவதாகத் தேர்ந்த ஒஹாயோ ஸ்டேட்டே அவ்வாண்டு பட்டத்தை வென்றது.

பழைய வினா இதனாலும் ஓயவில்லை. சாதித்ததை வைத்து இடம் தருவதா, இனிச் சாதிக்கக்கூடிய வலிமையை ஊகித்துத் தருவதா என்பதே அவ்வினா. 2023-இல் 13 ஆட்டங்களையும் வென்று தான் சேர்ந்த கல்லூரி அணிகளின் கூட்டமைப்புக்குச் சாம்பியனாகவும் விளங்கிய ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட, ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமா நான்காம் இடத்தைப் பெற்றது. ஃபுளோரிடா ஸ்டேட்டின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் காயமுற்றதே குழு எடுத்துக்காட்டிய காரணம். அவர் இன்றியும் அவ்வணி எஞ்சிய ஆட்டங்களை வென்றிருந்தது! பிற்பாடு பருவ இறுதியில் நிகழும் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் அது ஜார்ஜியாவிடம் 63-3 என்று வீழ்ந்ததைச் சுட்டிக் குழுவின் முடிவை மெச்சுவோர் உளர். பட்டத்துக்கான வழி அடைபட்டபின், முக்கிய வீரர் பலர் விலகிக்கொண்ட நிலையில் ஆடிய ஆட்டம் அது என்பதை அவர்கள் கருதுவதில்லை.

மறு ஆண்டே போட்டி 12 அணிகளுக்கு விரிந்தது. தரவரிசையில் முன்னிற்கும் ஐந்து கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்றும் விதி செய்தனர். அவ்விதி ஓராண்டு முந்தியிருப்பின் ஃபுளோரிடா ஸ்டேட்டைத் தடுக்க எந்தக் குழுவாலும் இயன்றிராது.