டிராமுக்கும் டிகிரிக்கும் நடுவே 35 வருடம்

படித்தது பி.இ. எலக்ட்ரிகல், சோறு போடுவது சாப்ட்வேர். இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது வேலை ஒன்று உண்டு: லீவு கிடைத்தால் செஞ்சிப் பக்கத்து ஊர்களைச் சுற்றுவது. சென்ற மாதம் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிற ஊர். மல்லிநாதர் கோயில் பாறைச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, பேச்சு ஓலைச்சுவடிப் பக்கம் போனது.

சமணத்தில் தானம் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். சாத்திர தானம் என்றால் நூலைப் படியெடுத்துக் கொடுப்பது. ஓலையைப் பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். முழுசாய்ப் போவதற்குள் யாராவது புது ஓலையில் எழுதியாக வேண்டும். யாரோ எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டே நான் நினைத்தது, சொன்னால் சிரிப்பீர்கள், நான் படித்த டிபார்ட்மெண்டை. அதற்குப் பிறகு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது: நம் ஊரில் எலக்ட்ரிகல் டிபார்ட்மெண்ட் என்பது எப்போது, எதற்காக வந்தது?

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895. கிண்டி பொறியியல் கல்லூரி அதற்கு ரொம்ப முன்னாலேயே இருக்கிறது; 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது. மெக்கானிகல் படிப்பு 1894-ல் வந்துவிட்டது. ஆனால் எலக்ட்ரிகல் பட்டப்படிப்பு 1930-ல்தான். டிராம் மணி அடித்து முப்பத்தைந்து வருடம் கழித்து!

ஏன் இவ்வளவு தாமதம்? என் ஊகம் இது. டிராமை நடத்தியது கம்பெனி. எந்திரம் கப்பலில் வரும், அதைத் தெரிந்த ஆளும் கூடவே வருவார். உள்ளூரில் இன்ஜினியரை உருவாக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அரசாங்கமே அருவியிலிருந்து மின்சாரம் எடுக்க இறங்கியபோதுதான் நிலைமை மாறியது. சி.பி. ராமசாமி ஐயர் கவர்னரின் நிர்வாக சபையில் இருந்தபோது முன்நின்று தள்ளிய பைக்காரா திட்டம் 1932-ல் மின்சாரம் தந்தது. நீலகிரியில் 3,000 அடிக்கு மேல் உயரத்திலிருந்து தண்ணீர் குழாயில் இறங்கி டர்பைனைச் சுற்றும். மலையில் கோபுரம் நடணும், கம்பி இழுக்கணும், கோயம்புத்தூர் மில் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கணும், அப்புறம் ராத்திரி பகலாய்ப் பார்த்துக்கணும். இத்தனைக்கும் வெளியூர் ஆளைக் கூப்பிட்டால் கட்டுப்படி ஆகுமா? கிண்டியின் 1930-ஐ பைக்காராவின் 1932 பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாகவே வருகிறது.

மைசூரிலும் இதே கதை. சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு 1902-ல் மின்சாரம் போனது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1911-ல் வகுப்பைத் தொடங்கியபோது, முதல் துறைகளில் ஒன்று மின்தொழில்நுட்பம். கம்பி முன்னால் போகிறது, பாடம் பின்னால் வருகிறது.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். பைக்காரா மின்சாரம் போய்ச் சேர்ந்த கோவையில் 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டாரையே செய்துவிட்டார்கள். 1945-ல் அங்கே ஜி.டி. நாயுடு முயற்சியில் ஒரு பொறியியல் கல்லூரி. அதே 1945-ல் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலம். செஞ்சியும் சிதம்பரமும் அப்போது ஒரே தென்னாற்காடு ஜில்லா. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த வீட்டுப் பையன், சென்னைக்குப் போகாமலே மோட்டாரைப் பற்றிப் படிக்கலாம் என்று ஆனது அப்போதுதான். 1957-ல் மின்வாரியம் அமைந்து, கிராமம் கிராமமாய்க் கம்பி போய், கிணறுகளில் பம்ப்செட் ஏறியதை எல்லாம் சாத்தியமாக்கியது இப்படிப் படித்து வந்த ஆட்கள்தானே.

இதில் ஒரு வரிகூட நாலு வருடப் படிப்பில் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது டிபார்ட்மெண்டுக்கு வருகிறேன். பேட்ச் சந்திப்புக்குப் போனபோது ஆண்டு அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சிறப்புரை, தொழிற்சாலைப் பயணம், கருத்தரங்கு, கேம்பஸ் இன்டர்வியூ எண்ணிக்கை, வழவழ தாளில் கலர் போட்டோ. நல்லதுதான். எனக்கோ மெஷின்ஸ் லேபைப் பார்க்க ஆசை. பிரேக் டிரம் சூடேறும்போது ஒருத்தன் தண்ணீர் ஊற்ற, ஒருத்தன் ஸ்பிரிங் பேலன்ஸ் பார்க்க, ஒருத்தன் கத்திக் கத்தி ரீடிங் எழுதுவோம். அந்தப் பழைய டி.சி. மோட்டார் இல்லை. போகட்டும், எந்திரத்துக்கும் வயசு ஆகும். அலமாரி நிறைய இருந்த பழைய பதிவேடுகள்? எந்த வருடம் எந்த மெஷின் வாங்கியது, யார் ரிப்பேர் செய்தது, முதல் செட் மாணவர்கள் எடுத்த அளவுகள் என்று மைப்பேனாவில் எழுதி வைத்திருந்தவை.

"அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு சார். புது கம்ப்யூட்டருக்கு இடம் வேணும்னாங்க" என்றார் லேப் அசிஸ்டெண்ட்.

மேல்சித்தாமூரில் எனக்கு உறுத்தியது இதுதான்.

என் நாலு அப்சர்வேஷன் நோட்டுகளை இந்த வாரம் ஸ்கேன் செய்துவிட்டேன். கையெழுத்து சகிக்கவில்லை, இரண்டு ரீடிங் பக்கத்து டேபிளில் காப்பியடித்தது. கிண்டியிலோ சிதம்பரத்திலோ கோவையிலோ அந்தக் காலத்தில் எலக்ட்ரிகல் படித்த தாத்தா, பெரியப்பா யாராவது உங்கள் வீட்டில் இருந்து, பரணில் நோட்டோ, குரூப் போட்டோவோ, லேப் மேனுவலோ கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். செஞ்சிப் பக்கம் என்றால் நானே வந்து ஸ்கேன் செய்துகொள்கிறேன்.