250 வந்தால் போய்ச் சேர்ந்ததா?

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டியிலிருந்து இறங்கியவர்களுக்கு வழிவிட்டு, சென்னை வண்டிக்காக நின்றிருந்தேன். போன் வந்தது. முந்தைய இரவு ஓடிய எங்கள் தானியங்கி டெஸ்ட், நிஜ வாடிக்கையாளர் ஒருவருக்கே "உங்கள் பாலிசி காலாவதியாகிவிட்டது" என்று மெயில் அனுப்பிவிட்டதாம். அசல் டேட்டாபேஸை டெஸ்டுக்கு அப்படியே நகலெடுத்தது நான்தான். பெரியவர் போனில், "தம்பி, நான் ஒரு தவணைகூட விட்டதில்லையே" என்றிருக்கிறார். டெஸ்ட் ரிப்போர்ட்டோ முழுப் பச்சை.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று தோண்டப்போய்த்தான் இந்தப் பழங்கதைக்குள் விழுந்தேன்.

நெட்வொர்க்கில் போன முதல் மின்னஞ்சலே டெஸ்ட் மெயில்தான். 1971, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரம், பிபிஎன் நிறுவனம். அருகருகே நின்ற இரண்டு பிடிபி-10 கணினிகளுக்கு இடையே, ஆர்பாநெட் வழியாக, ரே டாம்லின்சன் தனக்குத்தானே செய்தி அனுப்பிப் பார்த்தார். என்ன எழுதினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. கீபோர்டின் மேல் வரிசை எழுத்துகளாக இருக்கலாம் என்று பின்னாளில் சொன்னார். அனுப்பியவரும் அவரே, அடுத்த கணினியில் வந்துவிட்டதா என்று பார்த்தவரும் அவரே. இதைவிடப் பத்திரமான டெஸ்ட் உண்டா?

பிறகு இந்த இரண்டு வேலையும் பிரிந்தன. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821, எஸ்எம்டிபி என்று அனுப்புவதற்கு மட்டும் விதி சொன்னது. பெட்டியைத் திறந்து படிக்க 1984இல் பாப், 1986இல் மார்க் கிறிஸ்பினின் ஐமேப். இன்றும் டெஸ்ட் கான்ஃபிக் நம்மிடம் ஹோஸ்ட், போர்ட், பாஸ்வேர்ட் என்று இரண்டு செட் கேட்டு உயிரை வாங்குவது இதனால்தான்.

மெயிலை முழுதாக வாங்கிக்கொண்ட சர்வர் 250 என்று பதில் சொல்லும். 'இனி இது என் பொறுப்பு' என்று அர்த்தம். தபாலாபீஸ் கவுன்டரில் கவரை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி, அவ்வளவே.

நம்மூரின் முதல் மெயில் தலைமுறைக்கு இது சொல்லாமலே புரிந்திருக்கும். 1986இல், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மத்திய அரசின் மின்னணுவியல் துறை எர்நெட்டைத் தொடங்கியது. சேர்ந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. ஆரம்பத்தில் எல்லாம் டயல்-அப் போன் லைன், யுயுசிபி. ஒரு கணினியில் மெயில் சேர்ந்து காத்திருக்கும். லைன் கிடைத்தால் அடுத்த கணினிக்கு நகரும்.

எங்கள் டெஸ்ட் 250ஐக் கண்டதுமே பச்சை காட்டிவிட்டது. யாருடைய பெட்டி என்று அது பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் டெஸ்டுக்கென்றே, நிஜத்தில் யாருக்கும் தரப்படாத '.டெஸ்ட்', '.எக்ஸாம்பிள்' போன்ற பெயர்களை 1999லேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆர்எஃப்சி 2606, இரண்டு டம்ளர் டீக்குள் படித்து முடிக்கலாம். நான் படித்ததில்லை.

இப்போது முகவரிகளையெல்லாம் '.டெஸ்ட்' ஆக்கியாயிற்று. எது வந்தாலும் வெளியே விடாமல் விழுங்கும் போலி சர்வர் ஒன்று என் மெஷினிலேயே ஓடுகிறது. ஒவ்வொரு மெயிலின் தலைப்பிலும் ஒரு தனி எண். ஐமேப் வழியாகப் பெட்டிக்குள் போய், 30 விநாடிக்குள் அந்த எண் கண்ணில் பட்டால்தான் பச்சை.

பெரியவருக்கு மன்னிப்பு மெயிலை நானே எழுதி அனுப்பினேன். லாகில் 250 விழுந்தது. சாயங்காலம் போன் போட்டேன்.