மஞ்சள், நானோ துகள், பெருங்குடல்: தில்லியின் இரு ஆய்வுகள்

மஞ்சளின் அண்மை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றனர். புண்ணாற்றும் மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எஸ்.ஐ.ஆர். மறுபரிசீலனை கோரி நீக்கச்செய்த ஆண்டு அது. பெருமைக்குரிய வெற்றிதான். ஆயினும் மருந்தியல் வரலாற்றுக்கு அதனினும் பயன்தரும் பக்கங்கள், அதே தில்லியில் பின்னர் ஆரவாரமின்றி எழுதப்பட்டன.

மஞ்சளிலுள்ள குர்குமின் நீரில் கரைவதரிது. உண்டதில் மிகச் சிறு பங்கே குருதியை எட்டுகிறது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் மிளகின் பைப்பரினைச் சேர்த்து அவ்வளவைப் பன்மடங்கு உயர்த்தினர். 2007இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியலாளர் அமர்நாத் மைத்ராவும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும் 100 நானோமீட்டரினும் சிறிய பலபடித் துகள்களுள் குர்குமினைப் பொதிந்தனர். அவர்களின் இலக்கு கணையப் புற்றுநோய்.

குடல் அழற்சியில் கேள்வியே மாறுகிறது. மருந்து குருதியை அடைய வேண்டுமா, புண்பட்ட குடற்சுவரில் தங்க வேண்டுமா? தில்லி எய்ம்ஸின் இரு ஆய்வுகளை இக்கேள்வியோடு அருகருகே வைத்துப் படிக்கலாம். இரண்டும் பெருங்குடல் புண் அழற்சியைப் பற்றியவை; இரண்டும் 8 வாரம் நீண்டவை. 2014இல் வெளியான முதல் ஆய்வில் 45 நோயாளர்; குர்குமின் எனிமாவாகச் செலுத்தப்பட்டது. சிகிச்சையை முறையாக முடித்தோரில் 71.4 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. போலி மருந்துக் குழுவில் 31.3. ஆனால் இடையில் விலகியோரையும் சேர்த்து எண்ணினால் அவ்வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறவில்லை. (மேற்கோள் காட்டுவோர் இவ்வரியை வசதியாக மறந்துவிடுகின்றனர்.) 2017இல் வெளியான இரண்டாம் ஆய்வு வாய்வழி நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் அளித்தது. போலி மருந்தினும் மேலான பயன் காணப்படவில்லை.

அளவு போதவில்லை என்று சொல்லலாம். இஸ்ரேல், ஹாங்காங், சைப்ரஸ் மருத்துவர்கள் 2015இல் 3 கிராம் அளித்துப் பயன் கண்டிருந்தனர். ஆனால் ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவு அவ்விளக்கத்தைக் குலைக்கிறது: உறிஞ்சலைக் கூட்டும் வடிவில் நாளொன்றுக்கு வெறும் 100 மில்லிகிராம், பயன் இருந்தது. அவ்வாறாயின் குருதியை அடைவதே முதன்மையா? எலிகளில் 2001இல் நடந்த சோதனையோ வேறு திசை காட்டுகிறது: ஏறத்தாழ 100 நானோமீட்டர் துகள்கள், பெரியவற்றைவிட மிகுதியாக, அழற்சியுற்ற குடற்பரப்பிலேயே ஒட்டித் தங்கின.

இவ்விரு வழிகளுள் எது மனிதரில் வெல்லும் என்பது தீரும் முன்னரே, 'நானோ' என்ற முத்திரையோடு மஞ்சள் மாத்திரைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. மேற்கூறிய மருத்துவ ஆய்வுகள் அனைத்திலும் நோயாளர் மெசலமைன் வகை மருந்தை நிறுத்தவில்லை. குர்குமின் அதனோடு சேர்த்தே தரப்பட்டது.