சக்கரம் கழற்றிய தோல் சுத்தியல்

மேல்விஷாரத்து டேனரித் தொட்டிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய காலத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். சென்னை மாகாணத்துப் பட்டைத்தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டனில் விலைபோன அதே காலத்தில்தான் ஐரோப்பாவில் மோட்டார் பந்தயம் சூடுபிடித்தது. அங்கே காரைப் பழுதுபார்த்தவர்களின் கையிலும் தோல் இருந்தது. செருப்பையும் கைப்பையையும் பற்றி எழுதியவர்கள் அதை எழுதவில்லை.

1906 ஜூனில் பிரான்சின் லெ மான் நகரருகே முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. இரண்டு நாள், 1,200 கிலோமீட்டருக்கு மேல். ஓட்டுநரும் பக்கத்தில் உட்கார்ந்து வரும் மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் காரில் கை வைக்கக் கூடாது என்பது விதி. டயர் வெடித்தால் கத்தியால் அறுத்தெடுத்து, புதியதை மாட்டிக் காற்றடிக்க வேண்டும். ரெனோ அணியோ ரிம்மோடு கழன்று வரும் மிஷலின் டயரோடு வந்தது. நட்டுகளைத் திருகி, காற்றடைத்துத் தயாராக இருந்த ரிம்மை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். வென்றவர் ஃபெரென்ஸ் சிஸ். அவரே முன்பு லூயி ரெனோவின் பக்கத்து இருக்கையில் மெக்கானிக்காக இருந்தவர்.

அக்காலத்துப் பல கார்களில் கிளட்ச் கூம்பு வடிவில் இருக்கும். அதன்மேல் தோல் போர்த்தியிருப்பார்கள். எண்ணெய் கசிந்தால் தோல் வழுக்கும். காரின் வேகம் செத்துவிடும். மெக்கானிக் எண்ணெயை உறிஞ்சும் களிமண் பொடியைத் தூவுவார். தோல் காய்ந்து விறைத்தால் கிளட்ச் வெட்டென்று பிடிக்கும். அப்போது மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுத்த எண்ணெயைத் தடவுவார். தோலின் குணம் தெரியாதவர் அந்த வேலைக்கு லாயக்கில்லை.

பின்னாளில், சக்கரத்தின் நடுவே காதுகள் நீட்டிய ஒரே பெரிய நட்டு வந்தது. அதைக் கழற்ற ஸ்பானர் கிடையாது, சுத்தியல்தான். சுத்தியலின் ஒரு முகம் செம்பு. மறுமுகம், மயிர் களைந்து காயவைத்த பதனிடாத தோலை இறுகச் சுருட்டிய உருளை. இரும்பால் அடித்தால் நட்டின் காது சிதையும். தோல் அந்த அடியை வாங்கிக்கொண்டு நட்டை மட்டும் நகர்த்தும். இடப்பக்க நட்டுக்கு ஒரு மரை, வலப்பக்க நட்டுக்கு எதிர்மரை. அவசரத்தில் திசை மாற்றி அடித்தால் நட்டு இன்னும் இறுகும். பந்தயம் அங்கேயே போயிற்று.

நம் பக்கத்தில் இந்தப் பரபரப்பைப் பார்த்த இடம் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களில் அங்கே பந்தயம் நடத்தத் தொடங்கியது. கோண்டல் மகாராஜாவும் விஜய் மல்லையாவும் வெளிநாட்டுக் கார்களோடு வந்து ஓட்டினார்கள். வெளிநாட்டு உதிரிபாகம் எளிதில் கிடைக்காத நாட்கள் அவை. ஒடிந்ததை லேத்தில் கடைந்தும், கிடைத்ததைக் கொண்டு ஒட்டவைத்தும் அந்தக் கார்களை ஓடவைத்தவர்கள் மெக்கானிக்குகள். வெற்றியில் பாதி அவர்களுடையது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று தோல் சுத்தியலின் இடத்தில் காற்றழுத்த வீல் கன் இருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர்: கன் பிடிப்பவர், பழையதை உருவுபவர், புதியதைச் செருகுபவர். 2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அணி லாண்டோ நோரிஸின் நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றி உலக சாதனை படைத்தது. ஓட்டியவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆட்களின் பெயர்?

சோழவரத்துக்குப் பின் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தடம் வந்தது. மேல்விஷாரம் வழியே போகும் அதே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில்தான் அது இருக்கிறது. சோழவரத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஸ்பானர் பிடித்தவர் உங்கள் வீட்டில், தெருவில் இருந்தால் அவரிடம் பேசி, பெயரையும் செய்த வேலையையும் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்பினால் போதும். இந்தத் தொடரில் அவை இடம்பெறும்.

(தொடரும்)